சுமப்பவனுக்குப் பாவம் உண்டா?

தூதனைக் கொல்லலாகாது என்பது பழைய தர்மம். வாலில் நெருப்பு வைக்கச் சொல்வதற்கு முன்னால் இராவணன் அனுமனைக் கொல்லத்தான் உத்தரவிட்டான். விபீஷணன் குறுக்கிட்டு, தூதனைக் கொல்வது முறையன்று என்று தடுத்தான். செய்தி கசந்தால் அனுப்பியவனோடு வழக்காடு, சுமந்து வந்தவனை விட்டுவிடு என்பது நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நியாயத்தின் நிழலில் இன்றைக்கு நம்மில் கோடிப் பேர் வந்து ஒண்டிக்கொண்டிருக்கிறோம். "நானா எழுதினேன்? வந்தது, அனுப்பினேன்" என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது.

இந்தச் சமாதானம் செல்லுமா என்று யோசிக்கப் போய்த்தான், இன்டர்நெட் என்பது உள்ளுக்குள் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் ஊன்றிப் பார்த்தேன். யந்திர சமாசாரம் என்றாலே காத தூரம் ஓடுகிறவர்கள் ஐந்து நிமிஷம் பொறுத்துக்கொள்ள வேண்டும். பல நாவல்களைவிட ரஸமான விஷயம் இது.

மதுரையிலிருக்கும் தாய் டொரோண்டோவிலிருக்கும் மகனுக்கு ஒரு புகைப்படம் அனுப்புகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். படம் படமாகப் போவதில்லை. சிறு சிறு துண்டுகளாக வெட்டப்படுகிறது. ஒவ்வொரு துண்டின் தலையிலும் அனுப்புகிற இடம், சேருகிற இடம், எத்தனையாவது துண்டு என்கிற கணக்கு எல்லாம் எழுதப்படுகின்றன. பிறகு பக்கத்திலிருக்கும் ரௌட்டர் என்னும் யந்திரத்திடம் துண்டு ஒப்படைக்கப்படுகிறது. அந்த ரௌட்டருக்கு டொரோண்டோ எங்கே இருக்கிறது என்று தெரியாது. இந்த மாதிரி விலாசமானால் அந்த அண்டைக்காரனிடம் கொடு என்ற அளவுக்குத்தான் அதற்கு ஞானம். அண்டைக்காரனுக்கும் அதே ஞானம்தான். இப்படிக் கைமாறிக் கைமாறி, கடலடியில் கிடக்கிற கண்ணாடி நாரின் வழியே, நொடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் ஒளியாக ஓடிப் போய்ச் சேர்கிறது. ஆழ்கடலில் அந்தக் கேபிளின் பருமன் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற குழாய் அளவுதான். ஒரு துண்டு சிங்கப்பூர் வழியாகப் போகலாம்; இன்னொன்று மும்பாய் வழியாகப் போகலாம். பின்னால் புறப்பட்டது முன்னால் சேரலாம். சில, வழியிலேயே காணாமலும் போகலாம்.

இப்படித் துண்டாக்கி அனுப்பும் யோசனை 1960-களில் அமெரிக்காவில் பால் பாரன் என்பவருக்கும், இங்கிலாந்தில் டொனால்ட் டேவிஸ் என்பவருக்கும், ஒருவரையொருவர் அறியாமலே தோன்றிற்று. 1969 அக்டோபர் 29 இரவு லாஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்டான்போர்ட் ஆராய்ச்சி நிலையத்துக்கு முதல் செய்தி அனுப்பினார்கள். 'லாகின்' என்ற ஒரே சொல். இரண்டெழுத்துப் போய்ச் சேர்ந்ததும் எதிர்முனை யந்திரம் படுத்துவிட்டது. சகுனம் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது அதற்குப் பின் வந்த ஏற்பாடு. வின்டன் செர்ஃப், ராபர்ட் கான் என்ற இருவர் 1974-ல் வகுத்து வெளியிட்டார்கள். வளர்ந்து திருந்தி 1983 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, நடுவிலே சுமக்கிறவன் எந்த உத்தரவாதமும் தர வேண்டியதில்லை. முடிந்தவரை தூக்கிக் கொடுப்பான். முடியாவிட்டால் கீழே போட்டுவிடுவான். பொறுப்பெல்லாம் இரண்டு முனைகளுக்குத்தான். சேருகிற முனையிலிருக்கும் யந்திரம் துண்டுகளை எண்ணி அடுக்குகிறது. 16 வந்து, 17 வராமல், 18 வந்துவிட்டால், இருக்கிறவரை போதும் என்று 18-ஐ எடுத்து நீட்டிவிடுவதில்லை. "எனக்கு 16 வரைதான் வந்தது" என்று திரும்பத் திரும்பச் சொல்லியனுப்புகிறது. அனுப்பிய முனை 17-ஐ மறுபடி அனுப்புகிறது. துண்டுக்குள் எழுத்துச் சிதைந்திருக்கிறதா என்று கூட்டிப் பார்க்க ஒரு கணக்கு வேறு உண்டு; கணக்கு இடித்தால் அந்தத் துண்டு தள்ளுபடி.

இன்னொரு சின்ன ஏற்பாடும் உண்டு. ஒவ்வொரு துண்டும் பிறக்கும்போதே தன் ஆயுளைத் தலையில் எழுதிக்கொண்டு பிறக்கிறது. சாதாரணமாக 64 என்று இருக்கும். ஒவ்வொரு ரௌட்டரும் வாங்கும்போது அதில் ஒன்றைக் குறைக்கும். பூஜ்யமானால் துண்டு அங்கேயே கைவிடப்படும். ஏனென்றால், இரண்டு ரௌட்டர்கள் வழி தவறி ஒன்றையொன்று கைகாட்டிக்கொண்டால், அந்தத் துண்டு உலகம் உள்ளவரை சுற்றிக்கொண்டே இருக்குமல்லவா?

ரௌட்டர் தலைப்பைப் பார்த்துத் தள்ளிவிடுகிறது. வயிற்றிலே என்ன இருக்கிறதென்பது அதன் வேலைக்கு வேண்டாத விஷயம். நல்லதுதான். தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர், "முப்பது வருஷத்தில் ஒரு கார்டுகூடப் படித்ததில்லை" என்பார். கார்டு விஷயத்தில் எனக்குச் சந்தேகம் உண்டு என்றாலும் அவர் சொல்கிற தர்மத்தில் சந்தேகமில்லை. நம் நாட்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆம் பிரிவும், இடையில் நின்று சுமக்கிறவனுக்குச் சில நிபந்தனைகளோடு பாதுகாப்பளிக்கிறது. செய்தியை அவன் தொடங்கியிருக்கக் கூடாது, யாருக்குப் போக வேண்டுமென்று அவன் தேர்ந்தெடுத்திருக்கக் கூடாது, உள்ளே இருப்பதை மாற்றியிருக்கக் கூடாது என்பவை அவற்றுள் அடங்கும். அந்த நடு நிபந்தனையை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே வாருங்கள்.

2018 மே மாதம் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் குலதெய்வம் கும்பிடத் திருவண்ணாமலை மாவட்டத்துக்குக் காரில் போயிற்று. போளூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், அந்தக் குடும்பத்து மூதாட்டி குழந்தைகளைப் பார்த்துச் சாக்லேட் கொடுத்தார். பாட்டிமார்கள் செய்கிற காரியம். பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று ஏற்கனவே சில வாரங்களாக வாட்ஸ்அப்பில் செய்தி சுற்றிக்கொண்டிருந்தது. கூட்டம் கூடி அடித்ததில் அந்த அம்மாள் இறந்துபோனார். வயது 65.

அந்த வருஷம் இந்தியாவில் ஊர் ஊராகச் சுற்றிய படங்களில் ஒன்று கராச்சியில் எடுக்கப்பட்டது. மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு பேர் தெருவில் விளையாடும் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு பறக்கிறார்கள். பிள்ளைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பெற்றோருக்குச் சொல்ல ஒரு தர்ம ஸ்தாபனம் எடுத்த நாடகம் அது. கடைசியில் அவர்களே குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டு, எச்சரிக்கை எழுதிய அட்டையைத் தூக்கிக் காட்டுகிறார்கள். நம் ஊரில் சுற்றிய படத்தில் அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டியிருந்தார்கள்.

வெட்டுப்பட்ட அந்தப் படத்தை யந்திரங்கள் ஒரு துண்டு குறையாமல், எண்ணி, சரிபார்த்து, கேட்டு வாங்கிக் கொண்டு சேர்த்தன. 17-ஆம் துண்டு எங்கே என்று யந்திரம் கேட்டது. படத்தின் மீதி எங்கே என்று கேட்க வேண்டிய மனிதர்கள் கேட்கவில்லை. முனையில் உட்கார்ந்திருந்தவர்கள் தங்களை நடுவிலிருக்கும் ரௌட்டர் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ரௌட்டருக்குக்கூட அவர்கள் சமானமில்லை. ரௌட்டர் ஆளைத் தேர்ந்தெடுப்பதில்லை. விலாசம் ஏற்கனவே எழுதியிருக்கிறது. இவர்களோ அண்ணிக்கு ஒன்று, பள்ளிக்கூடத்துத் தாய்மார் குழுவுக்கு ஒன்று, எதிர்வீட்டுக்கு ஒன்று என்று தாங்களே பெயர் பார்த்து அனுப்பினார்கள். யாருக்கு என்று தீர்மானிக்கிறவன் தூதனல்லன். அந்தச் செய்திக்கு அவன் இன்னொரு ஆசிரியன். சென்னை உயர்நீதிமன்றமும் 2023-ல் வேறொரு வழக்கில், பிறர் எழுதியதை அனுப்பினேன் என்று சொல்லிப் பொறுப்பிலிருந்து கழன்றுகொள்ள முடியாது என்று கருதியது.

அந்தக் கொலைகளுக்குப் பிறகு 2018 ஜூலையில் வாட்ஸ்அப் கம்பெனி இந்தியாவில் ஒரே தடவையில் ஐந்து இடத்துக்கு மேல் அனுப்ப முடியாதபடி தடை வைத்தது. 2020-ல், பல கை மாறி வந்ததானால் ஒரு தடவைக்கு ஓர் இடம்தான் என்று இறுக்கியது. 2016-லிருந்தே செய்திகள் பூட்டப்பட்டுப் போகின்றன. கம்பெனியாலேயே படிக்க முடியாது. படிக்க முடியாதவனால் எண்ணத்தான் முடியும். யந்திரத் துண்டுக்கு முதலிலேயே எழுதிவைத்த ஆயுள் கணக்கு, வதந்திக்கு மட்டும் இத்தனை உயிர் போன பிறகு வந்தது.

பூட்டை உடைத்துப் படிக்கலாமே என்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. முதலில் அனுப்பியவன் யார் என்று காட்டித் தர வேண்டும் என்று 2021-ல் சர்க்கார் விதி செய்தது. கம்பெனி டில்லி உயர்நீதிமன்றத்துக்குப் போயிற்று. அனுப்பியவனைப் பிடி என்பது பழைய விபீஷண நியாயம்தான். ஆனால் அந்த முதல் ஆளுக்கும் போளூர்ப் பக்கத்தில் ஓங்கின கைகளுக்கும் நடுவே எத்தனை ஆயிரம் பேர், தத்தம் வீட்டில், நல்ல மனசோடு, விரலால் ஒரு தொடு தொட்டிருப்பார்கள்!

நல்ல மனசோடு என்று தெரிந்தேதான் சொல்கிறேன். அங்கேதான் எனக்கு உறுத்துகிறது. பெரும்பாலும் அவர்கள் பயந்த தாய்மார்கள். எங்கள் தெருவில் ஓர் அம்மாள் என்னிடம் வாதாடினாள்: "பொய்யாயிருந்தால் ஒரு செய்தி வீண். நிஜமாயிருந்து நான் சும்மா இருந்துவிட்டு, யாருடைய குழந்தையோ போயிருந்தால்?" சட்டென்று பதில் சொல்லக்கூடிய கேள்வியல்ல. நிஜமென்று நம்புகிறவள் போலீசுக்கல்லவா ஓடியிருக்க வேண்டும் என்றேன். அங்கே போனால் யார், எங்கே, எப்போது என்று திருப்பிக் கேட்பார்கள் என்றாள். திருப்பிக் கேட்கும் இடத்துக்குப் போகவில்லை, கேட்காத இடத்துக்கு அனுப்பினீர்கள் என்று நான் சொன்னது அவளுக்குப் பிடிக்கவில்லை.

உங்களுக்கு யார் அனுப்பினார்கள் என்று கேட்டேன். நாத்தனார் என்றாள். அங்கேயே தொலைபேசியில் நாத்தனாரைக் கூப்பிட்டாள். நாத்தனார், ஆபீசில் கூட வேலை பார்க்கும் ஒருத்தியின் பெயரைச் சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு ஏதோ ஒரு குழுவில் வந்ததாம். போட்டவர் பேர் தெரியாதாம், ஒரு நம்பர்தானாம். அந்த நம்பரைக் கூப்பிட்டோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது.