உருவமும் உருவமளிப்பவனும்

முஸ்லிம்கள் செறிந்து வாழும் ஓட்டமாவடி போன்ற ஊர்களில் சித்திரம் கற்பிக்கும் ஓவியருக்கு, எதை வரையலாம் என்பது அழகியல் வினா மட்டுமன்று, இறையியல் வினாவுமாகும். அல்குர்ஆனின் 59ஆம் அத்தியாயம் இறைவனை ‘அல்முஸவ்விர்’, அதாவது உருவமளிப்பவன், என அழைப்பதாலும், உயிருள்ளவற்றின் உருவங்களைச் சமைப்போரை நபிமொழிகள் எச்சரிப்பதாலும், மார்க்க அறிஞர் பலர் அவ்வுருவங்களை விலக்க, வேறு சிலர் அவ்விலக்கு வழிபாட்டுச் சிலைகளுக்கே உரியதென்பர். மாறாக, இந்துக் கோயிற் சிற்பிக்கோ தியானத்தில் கண்ட உருவைக் கல்லில் வடிப்பதே வழிபாடாகிறது. ஆயினும், அறபு எழுத்தணியும் வடிவியற் கோலங்களும் செழித்த வரலாற்றை நோக்கின், விலக்கு கலையை வற்றச் செய்யாமல் வேறு வாய்க்காலில் திருப்பிவிடுகிறது என்பது புலனாகும். கற்பிக்கும் ஓவியர் மாணவருக்குக் கையளிப்பது கைத்திறனோடு, படைத்தலின் எல்லை குறித்த இவ்வுணர்வையுமே ஆகும்.