பழுது பார்த்தல் அறமா, பற்றா?

பழைய பொருளைப் பேணிக் காத்தல் அறமா, அன்றிப் பற்றின் மற்றொரு வடிவமா என்னும் வினா எளிதாகத் தோன்றினாலும் எளிதன்று. கிழிந்த ஆடைக்கு ஒட்டுப்போட்டு உடுத்திய தலைமுறைக்கு இவ்வினா எழவேயில்லை. மாற்றாடை இல்லாமையே விடையாக நின்றது. கையில் ஊதியமும் கடையில் புதுப்பொருளும் இருக்கும் காலத்தில், முப்பது ஆண்டுகளுக்கு முன் வந்த ஒரு விளையாட்டுக் கருவியை ஓர் இளைஞர் இரவு கண்விழித்துப் பிரித்துச் சீர்செய்கிறார் என்றால், அச்செயலை நல்வினையில் சேர்ப்பதா, வீண்வினையில் சேர்ப்பதா? வாசக அன்பர்களுடன் சேர்ந்து இதனை எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை நீளும் சாலையின் இருமருங்கும் இன்று உற்பத்திக் கூடங்களே. இருங்காட்டுக்கோட்டையில் 1998ஆம் ஆண்டு முதல் கார்கள் உருவாகி வருகின்றன. ஒரகடத்தில் கார், சரக்குந்து, மோட்டார் சைக்கிள் ஆலைகள் பின்னர் எழுந்தன. ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியில் கைப்பேசிகளும் கணினிகளும் செய்யப்படுகின்றன. பல மாவட்டங்களிலிருந்து வந்து வாடகை அறைகளில் தங்கிப் பணிபுரியும் இளைஞர் பலர். என்னிடம் பயின்ற மாணவர் ஒருவரின் மகனும் அவர்களுள் ஒருவர். வார விடுமுறையில் அவர் செய்யும் வேலை, பழுதடைந்த பழைய கையடக்க விளையாட்டுக் கருவிகளை உயிர்ப்பித்தல். "டீச்சர் பாட்டி, ஆலையில் நான் நாள் முழுவதும் ஒரே திருகாணியைத்தான் முடுக்குகிறேன். இதில்தான் ஒரு பொருளை முழுதாகப் பார்க்கிறேன்" என்று அவர் கூறியது என் சிந்தையில் தங்கிவிட்டது.

இக்கருவிகள் யாவை என்பதை அறியாதாருக்குச் சிறிது கூற வேண்டும். ஜப்பானிய நிண்டெண்டோ நிறுவனம் 1989இல் 'கேம் பாய்' என்னும் கருவியை வெளியிட்டது. அதனை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் குன்பெய் யோகோய். மிகப் புதிய நுட்பத்தைத் தேடி ஓடாமல், நன்கு பழகி விலை மலிந்த நுட்பத்தைப் புதிய வழியில் பயன்படுத்த வேண்டும் என்பது அவருடைய கொள்கை. அதனால்தான் அக்கருவியின் திரையில் வண்ணமில்லை. நான்கு சாயல்கள் மட்டுமே உண்டு. ஆனால் நான்கு சிறிய பேட்டரிகளில் அது நெடுநேரம் இயங்கியது. அடுத்த ஆண்டு வந்த 'கேம் கியர்' வண்ணத் திரையுடன் மின்னியது. ஆறு பேட்டரிகளைச் சில மணி நேரத்தில் விழுங்கியது. உலகில் நிலைபெற்றது எளிய கருவியே. சிக்கனம் என்பது வறுமையன்று, அறிவின் ஒரு முறை என்பதற்கு இதுவும் சான்று.

நம் நாட்டில் இவை பெரும்பாலும் சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடா நாடுகளிலிருந்தும் வந்த உறவினர் பெட்டிகளிலோ, சென்னை பர்மா பஜார் கடைகளிலோ கிடைத்தன. நடுத்தரக் குடும்பங்களில் தவழ்ந்தது, கட்டைகளை அடுக்கும் மலிவான 'பிரிக் கேம்' கருவி. பின்னர்க் கைப்பேசி வந்தது. 1997இல் நோக்கியா 6110 என்னும் கைப்பேசியில் இடம்பெற்ற பாம்பு விளையாட்டு, அடுத்து வந்த எளிய கைப்பேசிகள் பலவற்றிலும் தொடர்ந்தது. அந்நிறுவனம் ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் ஆலையைத் தொடங்கிற்று. பல்லாயிரவர் அங்கே பணிபுரிந்தனர். அவர்களுள் பெரும்பகுதியினர் இளம் பெண்கள். 2014ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் அவ்வாலையின் உற்பத்தி நின்றது. பின்னர் அவ்விடம் கைமாறி, கைப்பேசிக்கு மின்னேற்றும் சார்ஜர்கள் செய்யும் வேறொரு நிறுவனத்தின் வசம் சென்றது. ஆலை நின்றுவிட்டது, அங்கே செய்யப்பட்ட கைப்பேசிகளுள் சில இன்னும் இயங்குகின்றன. செய்த கைகள் கலைந்து போன பின்னும் செய்பொருள் எஞ்சி நிற்கிறது. அதனைக் குப்பையில் எறியாது காப்பவர், அறியாமலே அக்கைகளுக்கு மதிப்பளிக்கிறார்.

இனி, பழுது நீக்கும் முறையைக் காண்போம். பல ஆண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்த கருவியில் பேட்டரி கசிந்து, உலோகத் தகடுகளில் பச்சையும் வெண்மையுமாகப் படிந்திருக்கும். அக்கசிவு காரத்தன்மை உடையதாகையால் சிறிது வினிகர் தடவித் துடைத்தால் நீங்கும். விளையாட்டு அடங்கிய சிறு பெட்டியின் தொடுமுனைகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சினால் துடைக்க வேண்டும். கேம் பாயின் திரையில் நெடுக்குக் கோடுகள் சில மறைந்திருந்தால், திரையின் ஓரத்தில் உள்ள மெல்லிய இணைப்பு நெகிழ்ந்துவிட்டது என்று பொருள். சால்டரிங் அயர்னை அதன்மேல் மெல்லப் படரவிட்டால் கோடுகள் மீளும். கேம் கியரிலோ மின்தேக்கிகள் கசிந்து பலகையையே அரித்துவிடும். அவை யாவற்றையும் மாற்றியாக வேண்டும். பொறுமை, நிதானம், கண்ணோட்டம் ஆகிய மூன்றும் இல்லாதவர் இவ்வேலையைச் செய்ய இயலாது.

ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் எங்களுக்குத் தையலும் நூற்பும் பாடங்களாக இருந்தன. துணியில் ஏற்பட்ட துளையை, நெசவின் போக்கறிந்து ஊடும் பாவுமாக நூலோட்டி அடைக்கக் கற்பித்தார்கள். நெய்தவர் எவ்வாறு நெய்தார் என்பதை அறியாமல் துளையை அடைக்க முடியாது என்பதே அப்பாடத்தின் சாரம். பழுது பார்ப்பவர், ஆக்கியவரின் எண்ணத்தை மீண்டும் ஒருமுறை எண்ணிப் பார்க்கிறார். ஒரு திருகாணியை மட்டுமே முடுக்கும் பணியில் வாழ்நாளைக் கழிக்கும் இளைஞருக்கு, இவ்வறிவு விளையாட்டன்று. மனிதனாக நிமிர்ந்து நிற்பதற்குரிய வழி. ஆகவே, "வெறும் பொம்மைக்கு இத்தனை பாடா?" என்னும் முதல் ஆட்சேபத்தை நான் ஏற்பதற்கில்லை. பொருள் சிறிதாயினும் அதன்வழி பெறும் பயிற்சி சிறிதன்று.

இரண்டாம் ஆட்சேபம் நுட்பமானது. திரையை மாற்றி, உறையை மாற்றி, மின்தேக்கிகளை மாற்றியபின் எஞ்சுவது பழைய கருவிதானா? இவ்வன்பர்களிடையே இதுபற்றி இரு கட்சிகள் உண்டு. மங்கிய பழைய திரையையே காக்க வேண்டும் என்பர் ஒருசாரார். ஒளிமிக்க புதுத்திரை பொருத்தி நாள்தோறும் பயன்படுத்துவதே உயிர்ப்பித்தல் என்பர் மற்றொரு சாரார். பொருள் யாவும் தோற்றம், அழிவு, நிலைபேறு என்னும் மூன்றையும் ஒருங்கே உடையது என்று கற்ற நமக்கு இவ்வழக்கு புதிதன்று. பொற்குடத்தை உருக்கி முடியாக்கினால் குடம் அழிகிறது, முடி தோன்றுகிறது, பொன் நிலைக்கிறது. ஆனால் கருவியில் பொன்னைப் போல நிலைப்பது எது என்பதைத்தான் ஆராய வேண்டும்.

ஏட்டுச்சுவடிகளை நினைத்துப் பாருங்கள். பனையோலை நெடுங்காலம் நில்லாது. ஆகவே நம் முன்னோர் ஓலை சிதையுமுன் வேறோலையில் படியெடுத்தனர். திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியை உ.வே. சாமிநாதையர் 1887இல் அச்சேற்றியபோது, அவர் கையிலிருந்தவை படிகளின் படிகளே. கும்பகோணத்துச் சமணப் பெரியோர் அவருக்கு நூற்பொருளை விளக்கி உதவினர். ஓலை மாறியும் நூல் மாறவில்லை. ஆங்கு நிலைத்தது சொல். காஞ்சியை அடுத்த திருப்பருத்திக்குன்றத்துச் சங்கீத மண்டபமோ வேறு வகை. விசயநகர அமைச்சர் இருகப்பர் 1387ஆம் ஆண்டளவில் எடுப்பித்த அம்மண்டபத்தின் விதான ஓவியங்களை, மங்கிவிட்டன என்று புது வண்ணம் பூசி "அழகுபடுத்தினால்", காப்பதாக எண்ணி அழித்தவர்களாவோம். ஆங்கு நிலைக்க வேண்டியது தீட்டிய கையின் கோடு. எனவே ஒரே விதி எல்லாவற்றிற்கும் பொருந்தாது. ஒரு பொருள் இலட்சக்கணக்கில் செய்யப்பட்டதாயின், அதன் உயிர் பயன்பாட்டில் உள்ளது; புதுத்திரை பொருத்துவது குற்றமன்று. ஒன்றே ஒன்றாய் எஞ்சியதாயின், அதன் உயிர் அதன் வடிவில் உள்ளது. கை வைக்குமுன் பன்முறை எண்ண வேண்டும். இரு கட்சியினரும் ஒவ்வொரு கோணத்தில் மெய்யையே காண்கின்றனர் என்பது அநேகாந்தம் கற்பிக்கும் பாடம்.

மூன்றாம் ஆட்சேபமே என்னை மிகவும் வருத்துவது: பற்று. ஒரு கருவியைச் சீர்செய்யத் தொடங்கியவர் மற்றொன்றை நாடுகிறார். ஒன்றுக்கு உதிரி வேண்டி இரண்டு வாங்குகிறார். அலமாரி நிறைகிறது, அரிய வண்ண உறைக்கு ஊதியத்தின் பெரும்பகுதி செல்கிறது. அந்தப் பாம்பு விளையாட்டையே சான்றாகக் கொள்ளலாம். பாம்பு இரை தின்னுந்தோறும் நீள்கிறது. நீளுந்தோறும் திரும்ப இடமின்றித் திணறுகிறது. முடிவில் தன் உடலையே தீண்டி மாள்கிறது. பகைவர் எவரும் அதனைக் கொல்வதில்லை. மிகுபொருள் விரும்பாமை என்னும் விரதத்தை இதனினும் தெளிவாகக் குழந்தைகளுக்கு விளக்க இயலுமா என்பது ஐயமே.

இல்லறத்தாரைப் பொருளே வைத்திராதே என்று நம் அறநூல்கள் கூறவில்லை. அளவு வரைந்துகொள் என்றே கூறுகின்றன. ஆகவே சீர்செய்வோர்க்கும் ஓர் அளவு வேண்டும். இத்தனைக்குமேல் வைத்திரேன் என்று முன்னரே எண் வரைந்துகொண்டு, மிகுந்தவற்றைப் பிறர்க்கு அளித்துவிட்டால் பழுது பார்த்தல் தானமாகிறது. அளவின்றிச் சேர்த்தால் அதே செயல் பற்றாகிறது. கைவேலை ஒன்றே, அறமும் பற்றும் பிரியுமிடம் மனத்தில் உள்ளது.

நான்காவதாக, கொல்லாமை நோன்புடைய நாம் ஒன்றைக் கேளாமல் விட முடியாது. இக்கருவிகளில் சுடுவதும் வெட்டுவதுமான ஆட்டங்கள் பல. திரையில் மாள்வது உயிரன்று. ஆயினும் யசோதர காவியம் கற்றவர், மாவினால் செய்த கோழியைப் பலியிட்ட அரசனும் அவன் தாயும் பிறவிதோறும் துன்புற்றதை மறவார். கொல்லும் எண்ணமே வினையாகும் என்பது அக்கதையின் உட்பொருள். விளையாடும் சிறுவர் எல்லாரும் கொலை எண்ணம் உடையவர் என்று கூறேன். ஆனால் பழையதை உயிர்ப்பிப்பவர், எதனை உயிர்ப்பிக்கிறோம் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உடையவர். 1984இல் மாஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் உருவாக்கிய 'டெட்ரிஸ்' ஆட்டத்தில் கொலையில்லை, பகையில்லை. விழும் கட்டைகளை இடமறிந்து பொருத்துதலே உண்டு. கேம் பாயுடன் பல நாடுகளில் சேர்த்து அளிக்கப்பட்டதும் அதுவே. உலகம் அதனை விரும்பி ஏற்றது.

எறிதலினால் வரும் ஊறு திரையில் நிகழ்வதன்று, மெய்யாகவே நிகழ்வது. ஐக்கிய நாடுகள் சார்பு அமைப்புகள் 2024இல் வெளியிட்ட கணக்கின்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6 கோடியே 20 இலட்சம் டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது. அதில் முறையாகத் திரட்டி மறுசுழற்சி செய்யப்பட்டதற்குப் பதிவுள்ளது 22.3 விழுக்காடே. பழைய கருவிகளின் பற்றுக்குழம்பில் ஈயம் உண்டு. அது மண்ணிலும் நீரிலும் கலந்தால் ஓரறிவுயிர் முதல் ஆறறிவுயிர் வரை அனைத்தும் துன்புறும். சீர்செய்வோரும் இவ்விதிக்கு விலக்கல்லர்: காற்றோட்டமுள்ள இடத்தில் வேலை செய்க, கழித்த பேட்டரிகளையும் பலகைகளையும் தெருக்குப்பையில் கலவாது, முறையாகப் பெறுவோரிடம் சேர்ப்பிக்க.

தனிமனிதர் ஒழுக்கம் மட்டும் போதாது. கேம் பாயின் உறையை மூடிய திருகாணிகள் மூன்று இதழ் வடிவின. வழக்கமான திருப்புளி அவற்றில் பொருந்தாது. வாங்கியவர் திறந்து பார்க்கலாகாது என்பதே அதன் குறிப்பு. இன்றைய கைப்பேசிகளில் இப்போக்கு மிகுந்துவிட்டது. இந்திய அரசின் நுகர்வோர் நலத் துறை 2022 ஜூலையில் பழுது பார்க்கும் உரிமைக்கான நெறிமுறை வகுக்கக் குழு அமைத்ததும், அவ்வாண்டு டிசம்பரில் அதற்கென இணையத்தளம் தொடங்கியதும் நற்றொடக்கங்கள். உதிரிப் பொருளும் விளக்கக் குறிப்பும் தராமல் விற்பவர், பொருளை மட்டுமன்றி அதன் விரைந்த அழிவையும் சேர்த்தே விற்கிறார். அந்த அழிவில் அவருக்குப் பங்கில்லை என்று எவ்வாறு கூற முடியும்?

ஆகவே என் முடிபு இது. பழுது பார்த்தல் தன்னளவில் அறமும் அன்று, பற்றும் அன்று. ஊறு குறைக்கவும், ஆக்கியோரின் உழைப்பை மதிக்கவும், அளவறிந்து வைத்துக்கொண்டு எஞ்சியதைப் பிறர்க்கு ஈயவும் செய்யப்படுமாயின் அஃது அறம். அளவு தவறிச் சேர்ப்பதற்கும், பெருமை பேசுவதற்கும் செய்யப்படுமாயின் பற்று. நம் இல்லங்களில் பயனின்றிக் கிடக்கும் பழைய கருவிகள் இருப்பின், எறிவதற்கு முன் அருகிலுள்ள இளைஞர் ஒருவரிடம் கொடுத்துப் பார்க்கலாம். நம் பிள்ளைகளுக்கு, வாங்கும் வழியைக் கற்பிப்பதோடு ஒரு திருப்புளியைப் பிடிக்கும் முறையையும் கற்பிக்கலாம். ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் உலகிற்குப் புதுப்பொருள்களை ஆக்கித் தருகின்றன. ஆக்கத் தெரிந்த ஊர் பேணவும் கற்றுக்கொண்டால், அவ்வூரின் தொழில் முழுமை பெறும்.