ரசிப்பவனுக்கும் கடன் உண்டு

ஒரு பாட்டைக் கேட்டுச் சந்தோஷப்படுகிறவனுக்கு, அந்தப் பாட்டு எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டிய கடமை உண்டா? காசு கொடுத்தேன், கேட்டேன், பிடிச்சிருந்தது, அதோட சரி என்று போய்விடலாமா? ரசனை தனிமனித விவகாரம், அதிலே நீதி நியாயத்தை நுழைக்காதே என்கிறார்கள். ரசனை வானத்திலிருந்து குதித்ததல்ல என்பது நமக்குத் தெரியும். எது சங்கீதம், எது வெறும் சத்தம் என்று பிரித்துவைத்தது யார் என்பதும் தெரியும்.

ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற ஆங்கில ராக் குழு 2023 அக்டோபரில் 'ஹாக்னி டயமண்ட்ஸ்' என்ற ஆல்பத்தை வெளியிட்டது. சொந்தப் பாடல்களை வைத்து அவர்கள் ஆல்பம் போட்டு 18 வருஷம் ஆகியிருந்தது. பாடகர் மிக் ஜாகருக்கு வயது 80. ட்ரம்ஸ் வாசித்த சார்லி வாட்ஸ் 2021இல் இறந்துபோனார். அவர் ஏற்கெனவே வாசித்து வைத்திருந்த இரண்டு பாடல்கள் இதில் உண்டு. ரசிகர்கள் கொண்டாடித் தீர்த்தார்கள். 2025இல் சிறந்த ராக் ஆல்பத்துக்கான கிராமி விருதும் வந்தது.

ரசிகர்கள் பலர் உருகியது கடைசிப் பாட்டுக்கு. அது மட்டும் இவர்கள் எழுதியதல்ல. மடி வாட்டர்ஸ் என்ற கறுப்புப் பாடகர் 1950இல் வெளியிட்ட பாட்டு. 1962இல் குழு தொடங்கியபோது தங்கள் பெயரையே இந்தப் பாட்டின் தலைப்பிலிருந்துதான் எடுத்தார்கள். அறுபது வருஷம் கழித்து, ஜாகரின் குரலும் ஹார்மோனிகாவும், கீத் ரிச்சர்ட்ஸின் கிதாரும் மட்டுமாக அதைப் பாடியிருக்கிறார்கள். "புறப்பட்ட இடத்துக்கே திரும்பிட்டாங்க, நன்றிக்கடனைத் தீர்த்துட்டாங்க" என்பது ரசிகர்களின் பூரிப்பு. எனக்கும் அந்தப் பாட்டு பிடித்தது. ஆனால் கடன் தீர்ந்ததா?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கறுப்பர் பாட்டைக் கறுப்பர்தான் பாடணும், வெள்ளைக்காரன் தொடக்கூடாது என்று வாதிடுகிறவர் உண்டு. அந்த வாதத்தை நாம் ஏற்க முடியாது. பிறப்பை வைத்துக் கலையைப் பங்கு பிரிப்பது குலத்தொழில் நியாயம். அதை உடைக்கத்தானே இவ்வளவு பாடு? பாட்டு யார் வாயிலும் ஏறும், ஏறட்டும். பாடியதில் குற்றமில்லை. பாடிய பிறகு பெயர் யாருக்குப் போனது, பணம் யாருக்குப் போனது, மேடையில் நாற்காலி யாருக்குப் போட்டார்கள் என்பதுதான் கேள்வி.

மடி வாட்டர்ஸ் மிசிசிப்பியில் ஸ்டோவால் என்ற பருத்தித் தோட்டத்தில் உழைத்தவர். 1943இல் சிகாகோ போனார். தண்ணீர்க் குழாய் தனி, பேருந்தில் இருக்கை தனி என்றிருந்த பூமியிலிருந்து போனார். கறுப்பர் இசைத்தட்டுகளைக் கம்பெனிக்காரர்கள் 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' என்று தனியாக ஒதுக்கித்தான் விற்றார்கள். பில்போர்டு பத்திரிகை தன் பட்டியலிலிருந்து அந்தப் பெயரை எடுத்ததே 1949இல்தான். தனிக் குவளை பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ரோலிங் ஸ்டோன்ஸ்காரர்கள் பெயரை மறைத்தவர்கள் என்று சொல்ல மாட்டேன். 1965இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு அழைத்தபோது, ஹௌலின் உல்ஃப் என்ற கறுப்புப் பாடகரும் வரவேண்டும் என்று பிடிவாதமாக நின்று அவரை மேடை ஏற்றினார்கள். அது நல்ல காரியம். ஆனால் இதே குழுவின் 1969 இசைத்தட்டில் ராபர்ட் ஜான்சனின் பாட்டு ஒன்று வேறொரு பெயரில் வந்தது. ஜான்சன் 1938இல், 27 வயதில் செத்துப்போனவர். அந்தப் பாட்டு யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும் பொதுச்சொத்தல்ல என்று அமெரிக்க நீதிமன்றம் சொன்னது 2000இல். இன்னொரு ஆங்கிலக் குழுவான லெட் செப்பலின் கதையும் அப்படித்தான். அவர்களுடைய புகழ்பெற்ற 1969 பாட்டில் தன் பாட்டு இருக்கிறது என்று வில்லி டிக்சன் 1985இல் வழக்குப் போட்டார். 1987இல் சமரசம் ஆனது. பிறகுதான் பாட்டில் அவர் பெயர் ஏறியது.

இதையெல்லாம் சொன்னபோது, அந்த ஆல்பத்தை எனக்குக் கேட்கக் கொடுத்த நண்பர் சலித்துக்கொண்டார். "என்ன தோழர், ஒரு நல்ல பாட்டைக்கூட நிம்மதியா கேக்க விடமாட்டீங்களா? இவங்க பாடலேன்னா மடி வாட்டர்ஸ உங்களுக்கும் எனக்கும் யார் சொல்லியிருப்பா? அவரே 1981இல் சிகாகோவில் இவங்களோட சேர்ந்து பாடியிருக்காரே!"

நியாயமான கேள்வி. பாடினார், மகிழ்ந்தும் இருப்பார். அந்த மகிழ்ச்சி அவருடையது. மற்ற எல்லாருடைய கடனுக்கும் அவர் எழுதிக் கொடுத்த ரசீது அல்ல அது. இவர்கள் சொல்லித்தான் நமக்குத் தெரிந்தது என்பதும் உண்மை. ஆனால் சொல்ல ஒரு வெள்ளைக்காரன் ஏன் தேவைப்பட்டான்? கதவு சாத்தியிருந்தது. சாத்திய கதவில் ஒருவன் ஜன்னல் வைத்தான் என்று நன்றி சொல்லலாம். அதற்காகக் கதவு சாத்தியிருந்ததை மறக்கச் சொன்னால் எப்படி?

இன்னொரு கடன் காதைப் பற்றியது. இந்தக் குழுவின் 'பிரவுன் ஷுகர்' என்ற 1971ஆம் வருஷப் பாட்டு அடிமைக் கப்பலையும், சவுக்கையும், கறுப்பு அடிமைப் பெண்களையும் பற்றியது. ஐம்பது வருஷம் அரங்கம் அரங்கமாக ஆடினார்கள். 2021 சுற்றுப்பயணத்தில் குழுவே அதைப் பாடாமல் விட்டது. விட்டுட்டாங்களே என்று வருந்திய ரசிகர்கள் உண்டு. இத்தனை வருஷம் என்னத்துக்கு ஆடினோம் என்று யோசித்தவர்கள் எத்தனை பேர்? தாளம் நன்றாக இருந்தால் வார்த்தை காதில் விழாது. அடிபட்டவளின் பேத்தி அதே அரங்கில் இருந்தால் அவளுக்கு விழும்.

நம்ம பறைக்கும் இதே அளவுகோல்தான். சாவுக்கு அடி என்று கட்டாயப்படுத்திய ஊரில், இனி அடிக்கமாட்டோம் என்று மறுத்ததும் நம்மவர்கள், அதையே விடுதலைக் கருவியாக எடுத்ததும் நம்மவர்கள். இன்று அது 'தமிழர் கலை' என்று மேடையேறுகிறது. ஏறட்டும். எல்லா சாதிப் பிள்ளைகளும் கற்கட்டும், அது நமக்கு வெற்றி. ஆனால் கைதட்டிவிட்டுப் போகிறவர், காலங்காலமாக அதை அடித்த மனிதன் தன் வீட்டுத் திண்ணையில் உட்காரலாமா என்று தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டாமா?

குற்றவுணர்ச்சியோடு பாட்டுக் கேள் என்று யாருக்கும் நான் சொல்லவில்லை. அது யார் வயிற்றையும் நிரப்பாது. உழைத்தவனின் பெயரைச் சொல்ல வேண்டும், பங்கு போனதா என்று கேட்க வேண்டும், சரிசமமாக உட்கார இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நன்றிக்கும் நீதிக்கும் வித்தியாசம் உண்டு. நன்றி கொடுப்பவன் விருப்பம். நீதியைக் கேட்டு வாங்க நமக்கு உரிமை உண்டு. அந்த ஆல்பத்தின் கடைசிப் பாட்டு முடிந்ததும் 1950 இசைத்தட்டைப் போட்டுக் கேளுங்கள். கூட வாசிக்க யாருமில்லாமல் ஒரே ஒரு கிதாரோடு பாடுகிறார் மடி வாட்டர்ஸ். அவர் நன்றி கேட்கிற மாதிரி எனக்குத் தோன்றவில்லை.