ஓய்வும் ஒரு பிடி மண்ணும்

ஓய்வு என்பது உழைப்பை விடுவதா? வட சிலாங்கூர்த் தோட்டப்புறங்களில், பெரட்டுக்குச் செல்லும் கடமை நீங்கிய முதியவரும் விடியுமுன் எழுந்தார்; ஆடுகளுக்குத் தழை ஒடித்தார்; பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் சென்றார்; கீரைப் பாத்திக்கு நீர் ஊற்றினார். ஏவுவார் இல்லாத உழைப்பே அவருக்கு ஓய்வு. (பள்ளியிலும் இஃது உண்மை, ஏவாமல் படிக்கும் பாடம் சுமையாவதில்லை.)

எனினும், அச்சமற்றிருத்தலும் ஓய்வின் உறுப்பன்றோ? லயத்து வீடு வேலைக்காக அளிக்கப்பட்டது. வேலை நீங்கின் அதில் தங்கும் உரிமையும் நீங்கும். 55 வயதில் ஊழியர் சேமநிதி கைக்கு வந்தது, வீடு வரவில்லை. பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் மேரி, நைகல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய ஐந்து தோட்ட மக்களும் சொந்த வீட்டுக்காகப் பல்லாண்டுகள் காத்திருந்தனர். ஒரு மாதத்தில் பறிக்கும் கீரையைத் துணிந்து விதைத்த முதியவர், காய்க்க ஆண்டுகள் ஆகும் தென்னங்கன்றை நடத் தயங்கினார்.