பிறழ்ந்தது யார்?

கோர்ட் வராந்தாவில் ஒருவரைப் பார்த்தேன். தம்பியை வெட்டியவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வந்தவர். எதிரிகளின் ஆட்களும் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார்கள். டவாலி மூன்று தரம் கூப்பிட்டார். இவர் கூண்டேறி, 'நான் பார்க்கவில்லை' என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

சட்டம் இவரைப் பிறழ்சாட்சி என்கிறது. சொல்லிலேயே தீர்ப்பு இருக்கிறது. அவர் சொன்னது பொய். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒரு தனி மனிதனிடம் உண்மையைக் கேட்கிறவர்கள் அதன் விலையில் பங்கெடுக்க வேண்டாமா?

நம் சட்டத்தில் குற்ற வழக்கு அரசுடையது. அடிபட்டவன் அதில் ஒரு தடயம். 'பாதிக்கப்பட்டவர்' என்பதற்கு விளக்கமும், அவருக்கு மேல்முறையீட்டு உரிமையும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அமலுக்கு வந்ததே 2009 டிசம்பர் 31-ல். சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தை உச்சநீதிமன்றம் ஏற்றது 2018-ல். அத்திட்டம் சாட்சியின் ஆபத்தை மூன்று வகையாகப் பிரிக்கிறது. சாட்சி மனுப் போட வேண்டும். அவருடைய பயம் எத்தனை நிஜம் என்று போலீஸ் அறிக்கை தரும். பாதுகாப்பு ஒரு தடவைக்கு மூன்று மாதத்திற்கு மேல் இல்லை. வழக்கோ வருஷக்கணக்கில் நடக்கிறது.

இதைக் கருணை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. இது கடன். உண்மையைக் கேட்ட கணத்திலேயே நாம் கடன்பட்டுவிடுகிறோம்.

நாம் என்றுதான் எழுதுகிறேன். அன்று அந்த பெஞ்சின் ஓரத்தில் நானும் இருந்தேன். அந்த ஆட்கள் வந்ததும், அவர் பக்கத்திலிருந்து கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டேன்.