கூடவே நின்ற காக்கி

2023 ஜனவரி 30. திருவண்ணாமலை மாவட்டம் தென்முடியனூரில் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் சென்று தலித் மக்கள் வழிபட்டார்கள். ஏறத்தாழ 80 ஆண்டுகளாக மறுக்கப்பட்ட வாசல் அது. ஆலய நுழைவுச் சட்டமோ 1947இலேயே வந்துவிட்டது! அன்று மாவட்ட ஆட்சியரும் போலீசாரும் கூடவே நின்றார்கள். நிற்க முடியும் என்று தெரிந்தது.

அதே காக்கியைக் கண்டால் பக்கத்து மாவட்ட இருளர் பழங்குடியினர் பொய்வழக்குக்கு அஞ்சி ஒதுங்குகிறார்கள். அவர்களுக்காகத் திண்டிவனத்துப் பேராசிரியர் பிரபா கல்விமணி பல்லாண்டுகளாகப் போராடிவருகிறார். ஒரு ஆசிரியர் செய்யக்கூடிய ஆகப்பெரிய வேலை இதுதான் என்பேன்.

காக்கி கூட நிற்காவிட்டால் கேட்கவும் சட்டம் இருக்கிறது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, வேண்டுமென்றே கடமை தவறும் அரசு ஊழியரையும் தண்டிக்கச் சொல்கிறது. உங்கள் ஊர்க் காவல் நிலையத்தில் அந்தப் பிரிவில் எத்தனை வழக்குகள் பதிவாகியிருக்கின்றன என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள்.