துறப்பதும் கைவிடுவதும்

பலன் கருதாது ஒரு நற்கருமத்தைத் தொடங்கியவன், அதைத் தன் ஆயுளுக்கும் உடல்வலிமைக்கும் அப்பால் நிலைக்கச் செய்ய எதைத் துறக்க வேண்டும் என்பது சந்நியாசிகளின் மடங்களில் மட்டும் எழும் கேள்வி அன்று. ஊதியமின்றி மென்பொருள் இயற்றி, அதன் மூலநிரலையும் உலகத்தார்க்கெல்லாம் திறந்து வைத்துவிட்ட தன்னார்வலர்களிடையே அது இன்று அன்றாடக் கேள்வியாகிவிட்டது. நம் முத்துக்குளித்துறைக்கோ அது நானூறு ஆண்டுப் பழமையுடையது.

போர்த்துக்கல்லிலிருந்து வந்து இக்கரையிலே ஐம்பதாண்டுக்கு மேல் வாழ்ந்து தமிழ் கற்றுத் தமிழிலேயே எழுதிய அண்டிரிக் அடிகளார், 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் 16 பக்க நூலை அச்சேற்றினார். 1586இல் அவரது அறுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட ‘அடியார் வரலாறு’ வெளிவந்தது. இவ்வச்சுப்பணிக்குப் பொருள் உதவியவர்கள், கடலில் உழைத்துச் சேர்த்ததை ஊர்ப்பொதுவுக்கு ஈந்த பரதவ மக்கள். 1600இல் புன்னைக்காயலில் அடிகளார் காலமாகி, தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பட்டபின், இக்கரையில் அப்பணி ஓய்ந்தது. தமிழகத்தில் தமிழச்சு மீண்டும் வேரூன்றியது 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தரங்கம்பாடியில். பொருள் கொடுத்த கைகள் பல. நூல் இயற்றும் பாரமோ பெரும்பாலும் ஒருவர் தோளிலேயே இருந்தது.

இவ்வுண்மையைக் கட்டற்ற மென்பொருளோடு பொருத்திப் பார்ப்போம். 1989இல் எழுந்த குனூ பொது உரிமம் ஒரு விசித்திரமான தான சாசனம்: யாரும் பயன்படுத்தலாம், திருத்தலாம், பிறருக்கும் வழங்கலாம், ஆனால் வழங்கும்போது அதே உரிமையைப் பெறுபவனுக்கும் தந்தாக வேண்டும். ‘எனது’ என்னும் மமகாரத்தை இச்சாசனம் ஒரே கையெழுத்தில் அறுத்துவிடுகிறது. ஆனால் ‘யான்’ என்னும் அகங்காரத்தை அறுக்கும் உரிமப் பத்திரம் எதுவும் இல்லை. ‘இதன் உள்ளமைப்பை அறிந்தவன் நானே, பிறர் கைப்பட்டால் கெடும், நான் ஓய்ந்தால் இது நின்றுவிடும்’ என்ற எண்ணம், செல்வத்தையும் புகழையும் வேண்டாதவன் உள்ளத்திலும் தொண்டின் வேடம் பூண்டு குடியிருக்கும். வள்ளுவர் துறவதிகாரத்திலே இவ்விரு செருக்குகளையும் ஒருங்கே வைத்தது காரணமின்றி அன்று. ஒன்று அற்றதனாலேயே மற்றொன்று அற்றுவிடுவதில்லை.

இந்த அகங்காரத்தால் முதலில் அழிபவன் தொண்டனே. 1961க்குப் பின் தூத்துக்குடியில் முத்துக்குளிப்பாகிய முத்துச் சலாபம் நடைபெறவில்லை எனினும், அதன் முறை மறக்கத்தக்கதன்று: காலிற் கல்லைக் கொண்டு ஒருவன் ஆழத்திற்கு இறங்குவான், தோணியில் நிற்பவன் கயிற்றைக் கையிற் பற்றி, கீழிருந்து வரும் அசைவு ஒன்றையே கருத்தாகக் கொண்டு, அசைந்த கணமே இழுப்பான். ஒருவனது மூச்சு மற்றவனது கவனத்தில் இருந்தது. ‘நானே’ என்று தனித்து உழைக்கும் தொண்டனோ, கயிறு பிடிப்பாரின்றி ஆழத்தில் இறங்கியவன். முத்துப்பாரிலே சிப்பி எடுக்க எடுக்கக் குறையும். மென்பொருளோ கோடிப்பேர் எடுத்தாலும் குறையாது. குறைவது குளிப்பவனின் மூச்சு.

அப்படியானால் மூச்சு முட்டியவன் விட்டுவிட்டுப் போவதே துறவாகுமா? கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் இதனை நுட்பமாகப் பகுக்கிறது. மயக்கத்தால் கடமையை விடுவது தாமசம். உடல் வருத்தத்திற்கு அஞ்சி விடுவது ராஜசம். பற்றையும் பலனையும் விட்டுச் செயலை நடத்துவதே சாத்துவிகம். சொல்லாமல் மறைந்துபோவது துறவன்று, கைவிடல். பிறர் கையில் ஒப்படைப்பதற்கும், பதினேழாம் அத்தியாயம் தானத்தைப் பற்றிச் சொல்லுகிறபடி, இடமும் காலமும், பெறுபவரின் தகுதியாகிய பாத்திரமும் அறிய வேண்டும்.

பாத்திரம் அறிவது எத்துணை அரிது என்பதற்கு அண்மைக்காலச் சான்று ஒன்று உண்டு. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்-இசட் என்னும் சிறு மென்பொருள் எண்ணற்ற லினக்ஸ் கணிப்பொறிகளில் உள்ளது. அதை ஏறத்தாழத் தனியொருவராய்ப் பல்லாண்டு பேணிவந்த தன்னார்வலர், களைத்திருந்த காலத்தில், தொடர்ந்து உதவி செய்து நம்பிக்கை பெற்ற ஒருவருக்குப் பொறுப்பில் பங்கு அளித்தார். வந்தவரோ அதனுள்ளே கள்ளவழி ஒன்றை அமைத்தார். தொலைவிலிருந்து கணிப்பொறிக்குள் நுழைகையில் அரை விநாடி தாமதமாவதை உணர்ந்த ஆந்திரெஸ் பிராய்ண்ட் என்னும் பொறியாளர், காரணத்தை விடாது துருவிச் சென்றமையால் 2024 மார்ச்சில் அது வெளிப்பட்டது. பாத்திரம் அறிதல் களைத்த ஒருவரின் இரு கண்களுக்கு ஆகிற காரியமன்று; அதற்கு ஒரு சபை வேண்டும்.

அத்தகைய சபை அமைவதும் சாத்தியமே. பைத்தான் என்னும் நிரல்மொழியைப் படைத்து நெடுங்காலம் அதன் இறுதித் தீர்ப்பாளராக இருந்த கைடோ வான் ரோசம், 2018இல் அப்பொறுப்பை விட்டபோது, வாரிசு என ஒருவரையும் நியமிக்கவில்லை. முறையை நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள் என்று உடன் உழைத்தோரிடம் விட்டார். அவர்கள் வாக்களித்து, ஐவர் கொண்ட குழுவை 2019இல் தேர்ந்தெடுத்தார்கள். படைத்தவரோ பலருள் ஒருவராய்ப் பணியில் நின்றார். இது துறவு, கைவிடல் அன்று.

தமிழுலகிலும் 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், பல நாடுகளில் வாழும் தன்னார்வலருள் ஒருவர் தட்டெழுத, மற்றொருவர் மெய்ப்புப் பார்க்க, நம் இலக்கியங்களை இலவசமாக வழங்கி இன்றும் உயிரோடிருக்கிறது. இத்தகைய பணிகளின் பயனை நாள்தோறும் துய்க்கும் நாம், நன்றி கூறுவதோடு அமைந்துவிடலாகாது. கண்ட பிழையைத் திருத்தி அனுப்புவதும், உள்ளமைப்பில் ஒரு சிறு பகுதியையேனும் கற்று அதன் பொறுப்பை ஏற்பதும் நம் கடன். பெறுபவன் கற்க முன்வராத இடத்தில், கொடுப்பவன் எவ்வளவு மனமுவந்து ‘யான்’ என்பதை விட முயன்றாலும், அவன் துறவு நிறைவேறுவதில்லை.